சுங்கான் (பைப்) புகையிலையைப் பத்து வருடம் பழக்கி வைக்க: போத்தலா, தகரப் பேணியா, எவ்வளவு ஈரத்தோடு?

தேம்ஸ்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து வீடு, படிக்கட்டுக்குக் கீழே ஒரு அலுமாரி காலியாக இருக்குது. அதுக்குள்ள வைத்துப் பழக்க வேண்டிய சரக்கு இவ்வளவு:

கென்டல் ஊரில் செய்த வர்ஜீனியா ஃபிளேக் (அழுத்தி வில்லையாக வெட்டினது) 500 கிராம். கடையில் நிறுத்துத் தந்தது, வெறும் பிளாஸ்டிக் பை. தொட்டால் விரல் ஈரமாகுது.

லட்டாக்கியா (புகை போட்ட இலை) சேர்த்த இங்கிலிஷ் கலவை, 50 கிராம் வட்டப் பேணி 6.

வர்ஜீனியா–பெரிக், செவ்வகத் தட்டைப் பேணி 4.

வனிலா, செர்ரி வாசம் ஏற்றின அரோமாட்டிக், பையில் 3.

கேள்விகள்: ஃபிளேக்கை அந்த ஈரத்தோடேயே போத்தலில் அடைக்கலாமா, காயவிட வேண்டுமா? பேணிகளை உடைத்துப் போத்தலுக்கு மாற்றுவதா, அப்படியே விடுவதா? காற்றை உறிஞ்சி எடுக்கிற மெஷின் தேவையா? சுருட்டுப் பெட்டிக்குள் வைக்கிற ஈரப்பத உறை போட வேண்டுமா? ஊரில் போறணை என்கிற புகையறைக்குள் தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போட்டுப் பாடம் பண்ணுற யாழ்ப்பாணப் புகையிலை தெரியும். இது அந்த மாதிரி ஒரு பாடமா, வேறயா?


பழஞ்சரக்கு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அது புரிந்தால் மற்றது பாதி தானே விளங்கும்.

பாடம் வேறு, பழக்கல் வேறு. பாடம் என்பது பச்சை இலையைப் புகையிலையாக்குவது. உங்கள் ஊர்ப் போறணை செய்வதும் சைப்ரஸில் லட்டாக்கியாவுக்குப் புகை போடுவதும் அந்த வகை. நீங்கள் கேட்பது பாடம் முடிந்து, கலந்து, அழுத்தி, வெட்டிக் கடைக்கு வந்த சரக்கை மூடி வைத்து முதிரவிடுவது. இதில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கெடுக்காமல் இருந்தால் போதும்.

எது முதிரும் என்பதை இலை எப்படிப் பாடமானது என்பதே தீர்மானிக்கிறது. வர்ஜீனியா இலையைச் சூடான காற்றுக் கொட்டகையில் ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய கையோடு இலை காய்ந்துவிடுவதால் அந்தச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். பர்லி என்கிற இன்னொரு வகை இலையைக் காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். இலை சாவதற்குள் தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். போத்தலுக்குள் வருடக்கணக்கில் நடப்பது, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்லச் சேர்ந்து கறுக்கிற வினை. ரொட்டித் தோல் சிவக்கிறதே, அதன் ஆமை வேக வடிவம். சர்க்கரை இருக்கும் இலையில் அது தெரியும், இல்லாத இலையில் தெரியாது.

அந்த அளவுகோலில் உங்கள் சரக்கு: வர்ஜீனியா ஃபிளேக்தான் பழக்குவதற்கென்றே பிறந்தது. ஒரு வருடத்தில் காரம் மட்டுப்படும், 3 வருடத்தில் நிறம் கறுக்கும், 5 வருடத்தில் புதுச் சரக்கோடு பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். வர்ஜீனியா–பெரிக் அதற்கு அண்ணன் தம்பி. பெரிக் லூசியானாவில் பீப்பாய்க்குள் அழுத்தி நொதிக்க வைத்த இலை, ஏற்கெனவே ஒரு சுற்று முடித்து வந்தது, வர்ஜீனியாவோடு சேர்ந்து நன்றாக மூப்பாகும். லட்டாக்கியாவில் கணக்கு மாறும். அதன் சரக்கே புகைவாசம், அது காலத்தோடு மங்கும். கலவையில் இருக்கும் வர்ஜீனியாவும் ஓரியன்டல் வகை இலையும் மேலே வரும், லட்டாக்கியா பின்னால் போகும். 4, 5 வருடம் அழகாக இருக்கும். அந்தப் புகைக்காகவே வாங்குகிறவர் என்றால் அதற்கு மேல் வைக்காதீர்கள்.

அரோமாட்டிக் 3 பையையும் பழக்க வேண்டாம். மேலே தூவிய வாசம்தான் முதலில் பறக்கும். ஈரம் காக்கச் சேர்த்த புரோபிலீன் கிளைக்கால் இருப்பதால் காயாமல் இருக்கும், ஆனால் காயாமல் இருப்பது முதிர்வது ஆகாது. ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இனிப் போத்தல். இரண்டு துண்டு மூடி உள்ள திருகு ஜாடி, அதாவது தட்டை மூடியும் மேலே வளையமும், இதுதான் என் தேர்வு. 250 மில்லி ஜாடியில் உதிரிச் சரக்கு 50 முதல் 60 கிராம் வரை போகும், ஃபிளேக்கை நிறுத்தி அடுக்கினால் 80 வரை. அரை லிட்டரில் 110 முதல் 120. ஒரு லிட்டர் ஜாடி வேண்டாம். ஏனென்றால் ஒரு ஜாடியைத் திறந்தால் அந்த ஜாடியின் கதை முடிந்தது. உள்ளே தங்கியிருந்த மணம் வெளியே போய்விடும், புதுக் காற்று வரும், திரும்ப மூடினாலும் விட்ட இடத்திலிருந்து அது தொடராது. 500 கிராமை 7 சிறு ஜாடியாகப் பிரித்தால் 2028இல் ஒன்று, 2030இல் ஒன்று என்று எடுக்கலாம், மற்றவை அசையாது.

ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் இருமுறை அலசி, 110 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்து ஈரம் போக்கி, முழுக்க ஆறவிடுங்கள். தட்டை மூடியை ஓவனில் வைக்காதீர்கள், துடைத்துக் காயவிட்டால் போதும். சூட்டோடு புகையிலையைப் போட்டு மூடினால் ஆறும்போது வெற்றிடம் உண்டாகி மூடி இறுகும் என்று சிலர் செய்வார்கள். இறுகும், உண்மைதான். ஓரத்து இலை வேகவும் வேகும். அந்த இறுக்கம் நமக்குத் தேவையே இல்லை.

காற்றுறிஞ்சி மெஷினும் வேண்டாம். முதல் சில மாத மாற்றத்துக்குக் கொஞ்சம் பிராணவாயு உதவும். ஜாடியை முக்கால் பாகத்துக்கு மேல், கழுத்துக்கு ஒரு விரல் கீழ் வரை நிரப்பினால் மிஞ்சுகிற காற்றே சரியான அளவு. அது தீர்ந்தபின் காற்றில்லாமல் மற்ற வேலை நடக்கும். சில ஜாடிகளில் மூடி தானாகவே உள்வாங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள், பிராணவாயு செலவானதன் அடையாளம். பைக்குள் வைத்து உறிஞ்சினால் ஃபிளேக் செங்கல்லாகிவிடும், பிரிக்கும்போது பொடியாகும்.

ஈரப்பத உறை: சுருட்டுக்கு அது தேவை, ஏனென்றால் சுருட்டுப் பெட்டி மூச்சு விடும். கண்ணாடி ஜாடி விடாது. அடைக்கும்போது என்ன ஈரமோ அதுவே பத்து வருடம் கழித்தும். உறை போட்டால் உப்புக் கரைசல் கசிய ஒரு வாய்ப்பைத்தான் கூடுதலாகச் சேர்க்கிறீர்கள். அதே காரணத்தால் தேவதாரு மரப் பெட்டியிலும் வைக்காதீர்கள், புகையிலை காய்வதோடு மரவாசமும் ஏறும்.

ஒன்றே ஒன்று மிச்சம்: ஃபிளேக்கை அந்த ஈரத்தோடு அடைக்காதீர்கள். அதைத் தராசுத்தட்டு வந்து எடை போட்டுச் சொல்வார், அவரைத் தடுக்க முடியாது.


தராசுத்தட்டு எழுதியது:

தடுக்க வேண்டாம். மற்ற எல்லாத் தவறும் வாசத்தைக் குறைக்கும், ஈரத் தவறு மட்டும்தான் முழு ஜாடியையும் குப்பைக்கு அனுப்பும்.

கென்டல் ஃபிளேக்குகள் ஆலையிலிருந்தே ஈரமாக வருபவை. பழக்குவதற்கு 13 முதல் 16 சதவீத ஈரம் போதும். 20க்கு மேல் போனால் பூசணத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி. 10க்குக் கீழே போனால் வினை மந்தமாகும், மணமும் தங்காது.

விரல் சோதனை: ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். நொறுங்கினால் காய்ந்தது. மெதுவாகத் தானே விரிந்து பிரிந்தால் பதம். ஃபிளேக்கில் ஒரு வில்லையை வளைத்துப் பாருங்கள்: துணி போல மடிந்தால் ஈரம், மடிப்பில் நார் நாராகப் பிளந்தால் பதம், டப்பென்று ஒடிந்தால் காய்ந்தது.

விரலை நம்பாதவர்களுக்கு ஓவன் சோதனை. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். 10.00 கிராமை உதிர்த்து அலுமினியத் தாளில் பரப்பி, 100 முதல் 105 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே, காற்றில் ஈரம் இழுக்கும் முன் நிறுங்கள். 7.80 கிராம் நின்றால் போனது 2.20, அதாவது 22 சதவீதம். கிளைக்கால் சேர்த்த சரக்கில் அதுவும் கொஞ்சம் ஆவியாகும், ஆகவே காட்டுவது உண்மையைவிடச் சற்று அதிகம். அந்த 10 கிராம் போனதுதான், புகைக்காதீர்கள். வீடும் இரண்டு நாள் புகையிலைக் கடை போல மணக்கும், சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் பிறகு ஊகமே வேண்டாம். 500 கிராம், 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீர் நீங்கிய இலை 500 × 0.78 = 390 கிராம். 15 சதவீதத்துக்குக் கொண்டுவர மொத்த எடை 390 ÷ 0.85 = 459 கிராம் ஆக வேண்டும். 41 கிராம் நீர் போக வேண்டும், அவ்வளவுதான். சுத்தமான தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்து, ஃபிளேக்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, தட்டோடு சேர்த்து நிறுத்து வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை புரட்டி நிறுங்கள். தட்டின் எடை போக 459 வந்ததும் நிறுத்துங்கள். குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும் அறை வறண்டிருக்கும், இரண்டு மூன்று மணியில் வந்துவிடலாம். மழைநாளில் ஒரு இரவு பிடிக்கும். மின்விசிறிக்கு நேராக வேண்டாம்: ஓரம் காய்ந்து நடு ஈரமாகவே நிற்கும், எடை சரியாக வந்தும் ஏமாறுவீர்கள். 459 வந்தபின் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால் ஓரமும் நடுவும் சமமாகும். பிறகு ஜாடிக்கு.

மறுபக்கமும் உண்டு. காய்ந்த 100 கிராம் கிடைக்கிறது, சோதனையில் 9 சதவீதம். உலர் இலை 91, 14 சதவீதத்துக்கு 91 ÷ 0.86 = 105.8. காய்ச்சி வடித்த நீர் 6 கிராமுக்குச் சற்றுக் குறைய, தெளிப்பானில் நுண்துளியாக, புரட்டிப் புரட்டி. ஒரு நாள் மூடி வைத்து மறுபடி நிறுங்கள். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு, ஆரஞ்சுத் தோல் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரத்தோடு பூசண வித்தையும் சேர்த்து உள்ளே விடுகிற வழி அது.

ஈரப்பதமானி வைத்திருப்பவர்கள் சிறு டிஜிட்டல் ஒன்றை ஜாடிக்குள் போட்டு 24 மணி நேரம் மூடிப் பார்க்கலாம். அது காட்டுவது இலையின் ஈரமல்ல, உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம்: 60 முதல் 65 சதவீதம் வரை நிம்மதி. 70 தாண்டினால் திறந்து காயவிடுங்கள். மானியை முதலில் சரிபாருங்கள்: போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சொட்டு நீர் விட்டு, மானியோடு ஒரு டப்பாவில் 12 மணி நேரம் மூடினால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மானியின் ஒவ்வொரு எண்ணோடும் 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் செய்யாதது. அடைத்த ஜாடியை மூடியோடு 0.1 கிராம் துல்லியத்தில் நிறுத்து எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வருடம் ஒருமுறை நிறுங்கள். மூடி கசிகிறதா என்பதைத் திறக்காமலே சொல்லும் ஒரே வழி இது. 100 கிராம் சரக்கில் 1 கிராம் குறைந்தால் 15 சதவீதம் 14 ஆனது, பாதகமில்லை, கவனியுங்கள். 5 கிராம் குறைந்தால் பத்தரைக்கு வந்துவிட்டது, மூடி போய்விட்டது, ஜாடியை மாற்றுங்கள்.


ரப்பர்வளையம் எழுதியது:

மூடி பற்றி மட்டும்.

இங்கிலாந்தில் கில்னர் ஜாடி இரண்டு விதமாகக் கிடைக்கும். திருகு மூடி ஒன்று, கம்பிக் கொக்கி போட்டு ஆரஞ்சு நிற ரப்பர் வளையம் வைத்தது இன்னொன்று. கொக்கி ஜாடியும் வேலைக்கு ஆகும், ஆனால் புது ரப்பருக்கு வாசம் உண்டு. சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஒரு இரவு ஊறப்போட்டு, அலசி, இரண்டு நாள் காற்றில் விட்டு மாட்டுங்கள். ரப்பர் வருடங்களில் இறுகி வெடிக்கும். வெடிப்புத் தெரிந்தால் மாற்றும் காலம். பத்து வருடத் திட்டத்துக்கு இடையில் ஒருமுறையாவது வளையம் மாற்ற வேண்டும், அதற்கு ஜாடியைத் திறக்க வேண்டும். அதனால்தான் பழஞ்சரக்கு சொன்ன திருகு மூடி எனக்கும் முதல் தேர்வு.

திருகு மூடியில் பிசகும் இடங்கள்: ஜாடி விளிம்பில் ஒரு புகையிலைத் துணுக்கு ஒட்டியிருப்பது, கண்ணாடி விளிம்பில் மயிரிழைச் சில்லு, ஒருமுறை ஊறுகாய்க்கோ ஜாமுக்கோ பயன்படுத்திய தட்டை மூடியை மறுபடி போடுவது. தட்டை மூடி புதியதாகவே இருக்கட்டும், வளையம் பழையதானால் பரவாயில்லை. அடைக்கும் முன் உலர்ந்த விரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுங்கள், சில்லு இருந்தால் விரல் சொல்லும். ஜாமுக்குச் சொல்லும் 'விரல் இறுக்கம்' இங்கே பொருந்தாது. அங்கே காற்று வெளியேற வழி விடுகிறார்கள். இங்கே நன்றாக இறுக்குங்கள், ஒரு நாள் கழித்து இன்னொரு கால் திருகு.

ரப்பரும் மூடி உட்பூச்சும் வாசத்தைப் பிடித்து வைக்கும். கென்டல் பக்கத்துச் சில சரக்குகளில் ரோஜா, ஜெரேனியம், டோங்கா கொட்டை மணம் தூக்கலாக இருக்கும். அவற்றை வைத்த ஜாடியின் மூடியை வெறும் வர்ஜீனியாவுக்குப் போட்டால் அத்தை வீட்டுச் சோப்பு வாசத்தோடு பத்து வருடம் முதிரும்.


தேம்ஸ்கரை எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றி. தராசண்ணையின் கணக்கு நோட்டில் ஏறிவிட்டுது.

இரண்டு விஷயம் மிச்சம். பேணிகளை என்ன செய்யுறது என்று யாரும் சொல்லேல்லை. அடுத்தது, ஃபிளேக் பையின் அடியில் கிடந்த சில வில்லைகளில் வெள்ளையாக நுண்புள்ளிகள் தெரியுது. சர்க்கரை பூத்ததா, பூசணமா? எப்படிப் பிரித்து அறியிறது?


பழஞ்சரக்கு எழுதியது:

பேணி: வட்டத்தை விடுங்கள், செவ்வகத்தைக் கவனியுங்கள்.

மேலே வளையம் இழுத்துத் திறக்கும் வட்டப் பேணி நல்ல இடத்தில் இருந்தால் பத்து, இருபது வருடம் தாங்கும். செவ்வகத் தட்டைப் பேணியில் மூடியைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் வெற்றிடம் மட்டுமே. மூலையில் ஒரு நெளிவு விழுந்தால், மேலே கனத்தை அடுக்கினால், வெற்றிடம் போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. காதருகே வைத்துக் குலுக்குங்கள். மொத்தமாக 'தொம்' என்று நகர்ந்தால் சரி. சருகு போலக் கலகலத்தால் ஏற்கெனவே காற்றுப் போய்க் காய்ந்துவிட்டது. மூடியின் நான்கு பக்கத்தையும் மெல்ல நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசையக் கூடாது. 4 பேணியையும் 2 வருடத்துக்குள் முடிப்பதானால் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் என்றால் இப்போதே திறந்து ஜாடிக்கு மாற்றுவது புத்தி.

எல்லாப் பேணிக்கும் பொது எதிரி துரு. வெளியிலிருந்து வரும் துருவைப் பார்க்கலாம். உள்ளிருந்து வருவதுதான் சங்கடம்: ஈரச் சரக்கின் அமிலம் பூச்சில் ஒரு கீறல் கிடைத்தால் ஊசித்துளை போட்டுவிடும். அதனால் பேணியைச் சுவரோடு, சிமென்ட் தரையோடு ஒட்டி வைக்காதீர்கள். வருடம் ஒருமுறை திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே மெழுகு ஊற்றுவது வீண்வேலை, மூடியைத் தாண்டித் துளைவிழும் இடத்துக்கு மெழுகு போகாது.

வர்ஜீனியாப் பேணி சில சமயம் உப்பும். உள்ளே நடக்கும் நொதிப்பில் கரியமில வாயு உண்டாகிறது. மீன் பேணி உப்பினால் தூக்கி எறிய வேண்டும், இது அந்த வகையல்ல. துணியால் மூடிப் பிடித்து மெதுவாகத் திறங்கள், மோந்து பாருங்கள். அத்திப்பழம், உலர்திராட்சை, லேசான காடி வாசம் என்றால் எல்லாம் ஒழுங்கு.

வெள்ளைப் புள்ளிக்கு 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று வேண்டும், சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். படிகம் என்றால் மின்னும், மணலோ ஊசியோ போல விளிம்பு கூராக இருக்கும், இலையின் மேற்பரப்போடு படிந்து கிடக்கும். பூசணம் மின்னாது. பஞ்சு போல, நூல் நூலாக, இலையை விட்டு எழுந்து நிற்கும். ஒரு வில்லையிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போட்டிருக்கும். வெள்ளையோடு பச்சை, நீலம், சாம்பல் கலந்தால் கேள்வியே இல்லை. படிகத்தின் மேல் ஈர விரலை வைத்தால் கரையும், பூசணம் வழுவழுவென்று அப்பும். மூக்கும் ஒரு கருவிதான்: ஈரச் சுவர், பூட்டிய பத்தாயம் போல அடித்தால் பூசணம். புற ஊதா விளக்கு அடித்தால் பூசணம் ஒளிரும் என்கிறார்கள், நான் அதை நம்பி எந்தச் சரக்கையும் காப்பாற்றச் சொல்ல மாட்டேன்.

உங்கள் நிலைமையில், ஈரமாக வந்த பை, புள்ளி அடியில், அதாவது ஈரம் இறங்கித் தங்கும் இடத்தில். படிகம் வருவதற்கு வழக்கமாக நாள் பிடிக்கும், பழைய சரக்கில்தான் அதிகம். அதனால் சந்தேகம் பூசணத்தின் பக்கம். பூசணம் என்று தெரிந்தால் சுரண்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும் ஆசை வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது அதன் காய், வேர் ஏற்கெனவே வில்லைக்குள். ஒட்டிக்கிடந்த வில்லைகள் அனைத்தையும் தள்ளுங்கள். தொடாத மேற்பகுதி சுத்தமாகத் தெரிந்தால் அதை மட்டும் இன்றே காயவைத்துத் தனி ஜாடியில் போட்டு, 'சந்தேகம்' என்று எழுதி ஒரு மாதம் பாருங்கள். நல்ல ஜாடிகளோடு கலக்காதீர்கள்.


அடையாறு_வெயில் எழுதியது:

சார், இங்கிலாந்துக் குளிருக்கு இதெல்லாம் சரி. சென்னையில மே மாசம் வீட்டுக்குள்ளயே 35 தொடுது, கடற்காத்து வேற. வெளிநாட்டுலேர்ந்து வந்த 300 கிராம் வர்ஜீனியா இருக்கு. இந்த வெயில்ல சீக்கிரமே பழகிடும்னு ஒருத்தர் சொல்றார், அது உண்மையா? வண்டு பத்தியும் சொல்லுங்க. பிரிட்ஜ்ல வெச்சுடலாமா?


தராசுத்தட்டு எழுதியது:

சீக்கிரம் கறுக்கும், அது உண்மை. 10 டிகிரி கூடினால் வேதிவினைகள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொது விதி இங்கும் பொருந்தும். ஆனால் எல்லா வினையும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. வெப்பத்தில் கறுப்பது முந்தும், நுண்ணிய பழமணங்கள் உண்டாவதற்குள் ஆவியாகும். புகையிலை ஆலைகளே சில சரக்கைச் சூடேற்றிக் கறுக்க வைப்பதுண்டு. அது தனிச் சுவை, நல்ல சுவைதான், ஐந்து வருடத்துக்கு மாற்று அல்ல. இன்னொரு கேடு ஏற்ற இறக்கம். பகலில் 36, ஏசி போட்ட இரவில் 24 என்று தினமும் ஆடினால் ஜாடிக்குள் காற்று விரிந்து சுருங்கி, மூடி மூச்சு விடத் தொடங்கும்.

300 கிராமுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளியைப் பழந்துணியால் நிரப்பி, வெயில் படாத உள்ளறையில் தரைமட்டத் தட்டில் வையுங்கள். மேற்குச் சுவரும் மொட்டை மாடிக்கு அடியிலுள்ள பரணும் கூடாது. பெட்டி பகல்–இரவு ஆட்டத்தை அடக்கும், மே மாதத்தை அடக்காது. அதையும் அடக்க வேண்டுமென்றால் 18 டிகிரியில் வைத்த ஒயின் குளிர்ப்பெட்டி. கம்ப்ரசர் உள்ளதாக வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத சிறியவை வெளியே 38 இருக்கும்போது 18க்கு இறங்கத் திணறும். சாதாரண பிரிட்ஜ் 4 டிகிரி, பழகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். கெடாது, முதிராது.

ஜாடியில் அடைக்கும் வேலையை ஏசி அறையில் செய்யுங்கள். மழைக்கால சென்னைக் காற்றில் இரண்டு மணி நேரம் தட்டில் பரப்பினால் புகையிலை காய்வதற்குப் பதில் நனையும். ஏசி அறையில் ஈரப்பதம் பெரும்பாலும் 50 முதல் 55 வரை இருக்கும், அங்கே காயும், பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.


பழஞ்சரக்கு எழுதியது:

வண்டு: 2, 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு, தலையைக் கீழே குனிந்த மாதிரி இருக்கும். மிளகாய்த்தூள், மல்லி டப்பாவில் ஓடுகிறதே, பெரும்பாலும் அதே ஆள்தான். 30 டிகிரிச் சூடு அதற்குச் சொர்க்கம், 18க்குக் கீழே பெருகாது. அதனால் இங்கிலாந்து நண்பருக்குக் கவலை குறைவு, உங்களுக்கு அதிகம். ஆவியில் அழுத்திச் செய்த ஃபிளேக்கில் முட்டை பிழைப்பது அபூர்வம். ஆலைச் சூடு படாத முழு இலையிலும் சுருட்டிலும்தான் ஆபத்து கூடுதல். பிளாஸ்டிக் பையை அது கடித்துத் துளைக்கும், கண்ணாடியை முடியாது. ஆனால் முட்டை ஏற்கெனவே உள்ளே இருந்தால் கண்ணாடி அதற்குக் காவல் வீடு.

சந்தேகமிருந்தால் உறையவையுங்கள். காற்றில்லாமல் இரண்டு பை போட்டு மூடி, பிரிட்ஜில் ஒரு நாள், மைனஸ் 18இல் ஒரு வாரம், மறுபடி பிரிட்ஜில் ஒரு நாள், பிறகு அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே பையைத் திறக்கவும். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் இலைமேல் வியர்க்கும், பூச்சியைக் கொன்று பூசணத்தை அழைத்த கதையாகும். உறைந்த ஃபிளேக்கை வளைக்காதீர்கள், ஒடியும்.

மசாலா அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜாடி எதுவானாலும் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுப் போட்டு. பழகிய இலை இனிப்பாக உலர்பழம் போல மணக்கும், நிக்கோட்டின் அப்படியே இருக்கும், சிறு பிள்ளை வாயில் போட்டால் விஷம். பழக்கினால் தீங்கு குறையும் என்று நினைப்பவர்களுக்கும் அதே பதில்தான், மாறுவது சுவை மட்டும்.

தேம்ஸ்கரைக்கு இடம் பற்றி: படிக்கட்டுக்குக் கீழ் அலுமாரி அருமை, உள்ளே வெந்நீர்க் குழாய் ஓடவில்லை என்றால். கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். மேல்மாடிப் பரண் கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி, வேண்டாம். பாய்லர் அலுமாரியும் கராஜும் வேண்டாம். ஜாடிகளை அட்டைப்பெட்டியில் வையுங்கள், வெளிச்சம் இலையை வெளுக்கச் செய்யும்.


தேம்ஸ்கரை எழுதியது:

உருப்பெருக்கியில் பார்த்தாச்சு. நூல் நூலாக எழும்பி நிக்குது, மின்னேல்லை. அடிப்பக்கம் 60 கிராம் குப்பைக்கு. மிச்சம் 440, ஓவன் சோதனையில் 21 சதவீதம். அப்ப 440 × 0.79 = 347.6, அதை 0.85 ஆல் பிரிக்க 409. சரிதானே? சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?


தராசுத்தட்டு எழுதியது:

409 சரி. ஆனால் பூசணம் கண்ட பையின் மிச்சம் என்பதால் நான் 13.5 வரை இறக்குவேன்: 347.6 ÷ 0.865 = 402 கிராம். எல்லா ஜாடியிலும் 'சந்தேகம்' எழுதி, முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பாருங்கள், திறக்காமல். ஜாடியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்க மறக்காதீர்கள். காயவைத்த தட்டு, காகிதம், கத்தரி எதையும் கழுவாமல் மற்றச் சரக்குக்கு எடுக்க வேண்டாம்.

சீட்டில்: சரக்கின் பெயர், வாங்கிய மாதம், அடைத்த நாள், அடைத்தபோது ஈரம், புகையிலையின் எடை, மூடியோடு மொத்த எடை. பென்சிலில் எழுதுங்கள், சில பேனா மைகள் வருடங்களில் மங்கும். சீட்டை மூடியில் ஒட்டாமல் கண்ணாடியில் ஒட்டுங்கள், மூடி மாறும், ஜாடி மாறாது. எடை போடுவது சீட்டை ஒட்டிய பிறகு.


ரப்பர்வளையம் எழுதியது:

சீட்டு ஒட்டும் பசையின் வாசமும் பாருங்கள். சில பசைகள் மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் நாறும். காகித நாடா போதும்.